இரண்டு கண்கள், ஒரு காட்சி: ஆர்த்தாப்டிக்ஸ் என்னும் தொழில்

ஒரு சிறிய சோதனை. இரண்டு பென்சில்கள் போதும். உங்கள் நண்பர் ஒரு பென்சிலைக் கூர்முனை மேலே இருக்கும்படி உங்களுக்கு முன்னால் ஒரு கை நீளத்தில் பிடித்திருக்கட்டும். நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு பென்சிலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து அதன் முனையைச் சட்டென்று தொட வேண்டும். பெரும்பாலோருக்கு முதல் முறை குறி தவறும். உங்கள் பென்சில் அதன் முன்னாலோ பின்னாலோ போய்விடும். இரு கண்களையும் திறந்துகொண்டு செய்து பாருங்கள். முனை முனையைத் தொட்டுவிடும்.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 செ.மீ. தொலைவு இருக்கிறது. ஆகவே வலக்கண் பெறும் படமும் இடக்கண் பெறும் படமும் ஒன்றல்ல. அந்தச் சிறு வேறுபாட்டை மூளை வீணாக்குவதில்லை. அதைக் கொண்டே எது அருகில், எது தொலைவில் என்று கணக்கிடுகிறது. 1838-ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலார் இதை மெய்ப்பித்தார். சற்றே வேறுபட்ட இரு தட்டைப் படங்களை, கண்ணுக்கு ஒன்றாகக் காட்டும் ஸ்டீரியாஸ்கோப் என்ற கருவியை அவர் அமைத்தார். அதனுள் பார்த்தவர்களுக்குப் படம் தட்டையாக இல்லை, ஆழத்துடன் எழுந்து நின்றது. 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்துக்குப் போனவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தை நோக்கி வரும் பொருளுக்குத் தலையைச் சாய்த்ததும் இதே தத்துவத்தால்தான். அந்தக் கூட்டத்திலும், மற்றவர்கள் ஏன் கூச்சலிடுகிறார்கள் என்று விளங்காமல் உட்கார்ந்திருந்த சிலர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய இரு கண்களும் சேர்ந்து பார்க்கக் கற்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஆம், இரு கண்ணாலும் சேர்ந்து பார்ப்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. பிறந்த குழந்தையின் கண்கள் முதல் சில மாதங்களில் அவ்வப்போது திசை தப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நான்கு மாதங்களில் அது சரியாகிவிடும். அதற்குப் பின்னும் ஒரு கண் விலகியே நின்றால் அது கவனிக்க வேண்டிய செய்தி. அந்த இடத்தில்தான் இக்கட்டுரையில் நாம் அறிய இருக்கும் தொழில் தொடங்குகிறது. அதன் பெயர் ஆர்த்தாப்டிக்ஸ். கிரேக்க மொழியில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது. 'ஆப்டிகோஸ்' என்றால் பார்வை சார்ந்தது. இத்தொழிலைச் செய்பவர் ஆர்த்தாப்டிஸ்ட். பெயரைக் கேட்டதும் எலும்பு மருத்துவம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எலும்புக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. ஆக இரு கண்களுக்கும் பன்னிரண்டு. வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும்போது வலக்கண்ணின் வெளிப்புறத் தசையும் இடக்கண்ணின் உட்புறத் தசையும் ஒரே அளவு நரம்புக் கட்டளையைப் பெறுகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போல அவை சேர்ந்தே நடக்க வேண்டும். ஒரு காளை பின்தங்கினால் வண்டி கோணிக்கொள்ளும். கண்ணில் அந்தக் கோணலைத்தான் மாறுகண் என்கிறோம்.

வளர்ந்த ஒருவருக்குத் திடீரென மாறுகண் ஏற்பட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். படி இறங்க முடியாது, வண்டி ஓட்ட முடியாது. ஆனால் இளங்குழந்தைக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் நீடிப்பதில்லை. ஏன் தெரியுமா? குழந்தையின் மூளை இரட்டைக் காட்சியைப் பொறுத்துக்கொள்வதில்லை. விலகி நிற்கும் கண்ணிலிருந்து வரும் படத்தை அது ஒதுக்கிவிடுகிறது. குழந்தைக்கு நிம்மதிதான். ஆனால் ஒதுக்கப்பட்ட கண் பழக்கமின்றி மங்கத் தொடங்குகிறது. கண்ணைத் திறந்து பார்த்தால் கார்னியா தெளிவாக இருக்கும். லென்சு தெளிவாக இருக்கும். விழித்திரையும் நன்றாக இருக்கும். ஆயினும் பார்வை இராது. இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். அது அவ்வளவு பொருத்தமான பெயரன்று. சோம்பியது கண்ணல்ல, கண்ணுக்கு வேலை கொடுக்காதது மூளை.

டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இருவர் 1960-களில் அமெரிக்காவில் செய்த சோதனைகள் இதை விளக்கின. பூனைக்குட்டி ஒன்றின் ஒரு கண் இமையைப் பிறந்த சில நாள்களில் தைத்து மூடி, சில மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். கண் பழுதின்றி இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அக்கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடி வைத்தபோது அத்தகைய கேடு எதுவும் நேரவில்லை. அதாவது, மூளை பார்க்கக் கற்பதற்கென்று ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் நேர்ந்த இழப்பைப் பின்னால் ஈடு செய்வது கடினம். இவ்விருவரும் 1981-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் ஏறத்தாழ ஏழு எட்டு வயது வரை நீள்கிறது. நூறு குழந்தைகளில் ஒருவர் முதல் மூவர் வரை இக்குறை இருக்கக்கூடும். இவர்களில் மாறுகண் உள்ள குழந்தை ஒரு வகையில் நற்பேறு பெற்றது, பார்த்ததும் தெரிந்துவிடும் என்பதால். ஆனால் அங்கேயும் ஒரு தடை இருக்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம், அதிலும் பெண் குழந்தைக்கு இருந்தால் வீட்டுக்கு யோகம் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. வளர வளரத் தானே சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. இவ்விரண்டு சொற்களாலும் பார்வை இழந்த கண்கள் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை.

இதைவிட ஏமாற்றக்கூடியது இன்னொரு வகை. கண்கள் நேராகவே இருக்கும். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் பவர் மிகுதி. நல்ல கண் தெளிவான படத்தைத் தந்துகொண்டே இருப்பதால் மற்றக் கண்ணின் மங்கலான படத்தை மூளை கேட்பதே இல்லை. குழந்தை ஓடும், படிக்கும், ஊசியில் நூல்கூடக் கோக்கும். அதற்கே தன் குறை தெரியாது. தாய்க்கு எப்படித் தெரியும்? பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும்போது ஒரு கண்ணை மூடச் சொன்னதும்தான் கரும்பலகை மறைந்து போகும். இதனாலேயே அத்தகைய பரிசோதனையில் அட்டையைக் கொண்டு கண்ணை முழுதும் மறைக்க வேண்டும். விரல்களால் மறைத்தால் சந்து வழியே நல்ல கண் எட்டிப் பார்த்துவிடும். தெரியாமல் செய்வதுதான், ஆனால் பரிசோதனை வீணாகும்.

சரி, ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு எப்படி வேலை கொடுப்பது? விடை மிகப் பழையது. நல்ல கண்ணை மூடி வைத்தால் மங்கிய கண் தேறக்கூடும் என்று 1743-இலேயே பிரான்சு நாட்டின் பூஃபோன் எழுதினார். பின்னர் அதே நாட்டில் எமில் ழவால் என்பவர் வந்தார். சுரங்கப் பொறியியல் படித்தவர். தங்கை சோஃபியின் மாறுகண் அவரை மருத்துவத்தின் பக்கம் இழுத்தது. வீட்ஸ்டனின் ஸ்டீரியாஸ்கோப்பைக் கொண்டு, விலகிய கண்ணுக்கும் நேரான கண்ணுக்கும் சேர்ந்து பார்க்கப் பயிற்சி தர முயன்றார். ஆர்த்தாப்டிக்ஸின் தந்தை என்று அவரையே சொல்கிறார்கள். பிறர் பார்வைக்காக உழைத்த அவரே முதுமையில் கண் நீர் அழுத்த நோயால் இரு கண்களையும் இழந்தார் என்பது வருந்தத்தக்க செய்தி. இங்கிலாந்தில் எர்னஸ்ட் மேடாக்ஸ் என்ற கண் மருத்துவர் கண் விலகலை அளக்கும் கருவிகளை அமைத்தார். அவரிடம் பயின்ற அவருடைய மகள் மேரி மேடாக்ஸ் 1920-களின் இறுதியில் லண்டனில் இதையே முழுநேரத் தொழிலாகத் தொடங்கினார். முதல் ஆர்த்தாப்டிஸ்ட் அவரே. 1937-இல் பிரிட்டிஷ் ஆர்த்தாப்டிக் சங்கம் அமைந்தது.

இனி, மருத்துவமனையில் ஆர்த்தாப்டிஸ்ட் அமர்ந்திருக்கும் அறைக்குள் செல்வோம். வெளியே இருக்கும் அறைகளைப் போல அல்ல அது. கிலுகிலுப்பை, பொம்மை, சிறு விளக்கு, படங்கள் ஒட்டிய குச்சிகள் எல்லாம் இருக்கும். நான்கு வயதுக் குழந்தையை ஒரு புள்ளியைப் பார் என்றால் பார்க்காது. அந்தப் புள்ளியில் ஒரு யானைப் படம் இருந்தால், யானைக்குத் தந்தம் எத்தனை என்று கேட்டால், பார்க்கும்.

குழந்தை யானையைப் பார்க்கும்போது ஆர்த்தாப்டிஸ்ட் அதன் இடக்கண்ணை மறைக்கிறார். அவருடைய பார்வை முழுவதும் வலக்கண்ணின் மேல். அது அசையவில்லையா? முன்பே யானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கமாக நகர்ந்து யானையைப் பிடித்ததா? அப்படியானால் அதுவரை உட்பக்கம் திரும்பியிருந்தது. மேலிருந்து கீழே வந்ததா? மேல் நோக்கி விலகியிருந்தது. பிறகு மற்றக் கண்ணை மறைத்து இதையே செய்கிறார். பிறகு 6 மீட்டர் தொலைவிலுள்ள படத்தைக் காட்டி மீண்டும். ஒரு துண்டு அட்டையும் கூர்ந்து நோக்கும் கண்ணும் தவிர இதற்கு வேறெதுவும் வேண்டாம். நூறாண்டுக்கும் மேலாக இச்சோதனைக்கு ஈடான இயந்திரம் வரவில்லை.

விலகல் எவ்வளவு என்று அளக்க வேண்டுமே. அதற்கு முப்பட்டகங்கள் உண்டு. ஒளிக்கதிரை ஒரு மீட்டர் தொலைவில் 1 செ.மீ. விலக்கும் முப்பட்டகத்தின் வலிமை ஒரு பட்டக டயாப்டர் எனப்படும். கண்ணின் முன் ஒன்றன்பின் ஒன்றாக வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால், ஏதோ ஒரு முப்பட்டகத்தில் கண் அசைவது நின்றுவிடும். அதுவே விலகலின் அளவு. 20 பட்டக டயாப்டர் என்றால் கோண அளவில் எவ்வளவு? ஒரு மீட்டருக்கு 20 செ.மீ. என்பதால் டேன்ஜென்ட் மதிப்பு 0.2, கோணம் 11 பாகையைச் சற்றுத் தாண்டும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் எதற்கு என்று அலுத்துக்கொண்டவர்கள் இந்த அறைக்கு ஒருமுறை வர வேண்டும். மாறுகண்ணை நேராக்க அறுவை செய்யும் மருத்துவர், தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்று இந்த அளவைக் கொண்டே முடிவு செய்கிறார். இங்கே அளவு பிசகினால் அங்கே கத்தி பிசகும்.

சினாப்டோஃபோர் என்றொரு கருவியும் உண்டு. இரு குழாய்கள், இரு படங்கள். ஒன்றில் சிங்கம், மற்றதில் கூண்டு. சிங்கத்தைக் கூண்டுக்குள் அடை என்று குழந்தையிடம் சொல்வார்கள். குழாயை நகர்த்தி நகர்த்திச் சிங்கம் உள்ளே போய்விட்டது என்று குழந்தை கூவினால், இரு கண்களின் படங்களும் மூளையில் சேர்ந்தன என்று பொருள். குழாய் நின்ற கோணம் விலகலைச் சொல்லும். சிங்கம் கூண்டருகே வந்ததும் சட்டென்று மறைந்துபோனது என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு. அங்கே மூளை ஒரு படத்தை ஒதுக்குகிறது.

ஆர்த்தாப்டிஸ்ட் தனித்து இயங்குபவர் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாறுகண்ணுடன் வரும் எந்தக் குழந்தைக்கும் கண் மருத்துவர் முதலில் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறி சில குழந்தைகளில் மாறுகண்ணாகவே தோன்றும். கண் பாவையில் பூனைக் கண் போல வெண்மையான ஒளி தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குறை சோம்பேறிக் கண்தான் என்று உறுதியானால் முதல் மருந்து கண்ணாடி. சரியான கண்ணாடியை நாள் முழுதும் அணிந்தாலே சிலருக்குப் பார்வை தேறிவிடுகிறது. தேறாதவர்களுக்கு நல்ல கண்ணின் மேல் ஒட்டுப்பட்டை. முன்பெல்லாம் நாள் முழுவதும் ஒட்டி வைப்பார்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், நடுத்தர அளவு குறை உள்ளவர்களுக்கு நாளைக்கு 2 மணி நேரம் ஒட்டுவதும் 6 மணி நேரம் ஒட்டுவதும் நான்கு மாதங்களில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்று காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஆய்வு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதன் பார்வையைச் சற்று மங்கச் செய்தாலும் ஒட்டுப்பட்டைக்கு நிகரான பலன் கிடைக்கும் என்று கண்டது. குழந்தைகளுக்கு இவை எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள். அட்ரோபினை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது என்பதையும் நினைவிற் கொள்க.

காகிதத்தில் இது எளிது. உண்மையில், தெரியும் கண்ணை மூடித் தெரியாத கண்ணால் நடமாடச் சொல்கிறோம். குழந்தை அழும், ஒட்டியதைப் பிய்த்து எறியும். பாட்டி பார்த்துவிட்டு, நன்றாக இருக்கும் கண்ணை ஏன் மூடுகிறீர்கள் என்று சண்டைக்கு வருவார். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்தப் பாட்டிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதும் ஆர்த்தாப்டிஸ்டின் வேலைதான். என் கணிப்பில், முப்பட்டகத்தைக் கையாள்வதைவிடக் கடினமான பகுதி இதுதான். இரண்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியாது. மாதக்கணக்கில் அழைத்து, அளந்து, குறித்து, தாயை உற்சாகப்படுத்தி அனுப்ப வேண்டும். பார்வை 6/36-லிருந்து 6/12-க்கு வந்த நாளில் அந்த அட்டையில் இரண்டு எழுத்துகள் எழுதுவதைத் தவிர வேறு விழா எதுவும் இராது.

இத்தொழில் குழந்தைகளோடு முடிவதில்லை. நீரிழிவு நோயாளிக்குக் கண் நரம்பு ஒன்று செயலிழந்து இரட்டைப் பார்வை வரலாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு மெல்லிய நான்காம் மூளை நரம்பு பழுதடைந்து படிக்கட்டு இரண்டாகத் தெரியலாம். எந்தத் திசையில் பார்க்கும்போது இரட்டிப்பு மிகுகிறது என்று அளந்தால், பழுதானது எந்தத் தசை, எந்த நரம்பு என்பது புலப்படும். எப்போதும் தலையைச் சாய்த்தே வைத்திருக்கும் ஒரு சிறுவனைக் கழுத்து வலி என்று பல இடங்களுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். இரட்டைப் பார்வையைத் தவிர்க்கவே அவன் தலையைச் சாய்க்கிறான் என்று கடைசியில் இந்த அறையில் தெரியவரும்.

இத்தொழிலுக்கு வரும் வழி என்ன? பிரிட்டனில் லிவர்பூல், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களில் ஆர்த்தாப்டிக்ஸ் தனிப் பட்டப் படிப்பு. நம் நாட்டில் அத்தகைய தனிப் படிப்பு மிக அரிது. ஆப்டோமெட்ரி பட்டம் பெற்று, இருகண் பார்வைப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களே பெரும்பாலும் இப்பணியைச் செய்கிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள், அதில் கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தபின் பாடத்திட்டமும் விதிகளும் மாறி வருகின்றன. ஆகவே சேரும் ஆண்டில் உள்ள விதியைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டயப் படிப்புகளும் உண்டு. 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் கண் மருத்துவ உதவியாளர்களைப் பார்த்திருப்பீர்கள். கிராமத்துப் பள்ளிக்குப் பரிசோதனைக்கு வருபவர் பெரும்பாலும் அவர்தான்.

கண் மருத்துவராவது வேறு பாதை. எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் கண் மருத்துவத்தில் மேற்படிப்பு. அந்தப் பாதை கிட்டாதவர்களுக்கு ஆறுதல் பரிசாக ஆர்த்தாப்டிக்ஸைக் காட்டுவோர் உண்டு. அப்படி எண்ணி வருபவர் இங்கே நிலைக்க மாட்டார். இது வேறு திறமையைக் கேட்கும் வேறு வேலை.

இத்துறைக்குத் தமிழ்நாடு நல்ல இடம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டு பயிற்சி அளித்துக் கண் பரிசோதனைப் பணிகளில் அமர்த்தி வருகிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1978-இல் தோன்றியது. எலைட் ஆப்டோமெட்ரிப் பள்ளி 1985-இல் அங்கே தொடங்கப்பட்டது.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஆர்த்தாப்டிஸ்ட் என்ற பெயரிலேயே உள்ள வேலை இடங்கள் குறைவு. பெரிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் மிகுதி. ஆப்டோமெட்ரி படித்தவர்களில் பலர் கண்ணாடிக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பவர் பார்த்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடும். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் மாறுகண் குழந்தை அங்கே வருவதில்லை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டணத்தை மட்டும் கேட்காமல், குழந்தைக் கண் பிரிவு உள்ள மருத்துவமனையில் பயிற்சி உண்டா, எத்தனை மாதம் என்றும் கேளுங்கள்.

இதைப் படித்ததும் அட்டையால் ஒரு கண்ணை மறைத்து, பிறகு மற்றதை மறைத்து, சுவரில் உள்ள நாள்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கும் செய்து பாருங்கள். இரண்டு கண்களுக்கும் எழுத்துகள் ஒன்றுபோல் தெரியாவிட்டால் பெற்றோரிடம் சொல்லி ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழு எட்டு வயதைக் கடந்துவிட்டோமே என்று விட்டுவிட வேண்டாம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில், அதற்கு முன் ஒட்டுப்பட்டையோ சொட்டு மருந்தோ பெறாதவர்களுக்குக் கண்ணாடியுடன் ஒட்டுப்பட்டையும் கொடுத்தபோது, ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பார்வை அட்டையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ தேறியது.